எறும்புக்குக் கால் எங்கே முளைக்கிறது? இயற்கை, பருவம், உடல் பற்றிய படப் புத்தகம் வாங்கப் போகிறவர்களுக்கு

என் அக்கா மகளுக்கு ஐந்து வயதானபோது ஒரு பூச்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். கெட்டி அட்டை, பளிச்சென்ற வண்ணம், பக்கத்துக்கு ஒரு பூச்சி. இரண்டு நாள் கழித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வாசற்படியில் குப்புறப் படுத்து எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள் தலையைத் தூக்கி, "சித்தி, இந்த எறும்பு தப்பா இருக்கு" என்றாள். போய்ப் பார்த்தேன். புத்தகத்து எறும்புக்குத் தலைக்கு அடியில் இரண்டு கால், நடுவில் இரண்டு, பின்னால் வயிற்றில் இரண்டு. வாசற்படி எறும்புக்கோ ஆறு காலும் நடுத்துண்டில்தான். அவள் கணக்குப்படி தப்பு எறும்பின் மேல்.

"எறும்புக்கு ஆறு கால்கள்" என்று எழுத்தில் சரியாகத்தான் போட்டிருந்தது. வாங்கும்போது நான் அதைத்தான் படித்தேன். ஆனால் எழுத்து தெரியாத குழந்தைக்கு அந்தப் புத்தகமே படம்தான். நாம் ஒன்றைப் படிக்கிறோம், அது வேறொன்றைப் படிக்கிறது, இரண்டு பேரும் ஒரே புத்தகத்தைப் படிப்பதாக நினைத்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு இந்த மாதிரிப் புத்தகங்களை எடுத்தால் நான் முதலில் எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் படிப்பேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அந்தப் பழக்கத்தில் கற்றுக்கொண்டதுதான். புதிதாக அப்பா அம்மா ஆனவர்கள், சித்தி மாமா முறையில் பரிசு வாங்குகிறவர்கள், வகுப்பில் ஒரு சின்ன அலமாரி வைக்க நினைக்கும் ஆசிரியர்கள், யாருக்கும் உதவும்.

முதலில், கையில் இருப்பது என்ன வகை?

அட்டையைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். உள்ளே நாலு வகை உண்டு. பக்கத்துக்கு ஒரு படம், ஒரு சொல் என்று பெயர் மட்டும் சொல்வது ஒன்று. ஒரு விதையோ மழைத்துளியோ ஊர் சுற்றுவதாகக் கதையாகச் சொல்வது இன்னொன்று. பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிப் பெட்டி, அம்பு, பெயர்க் கோடு என்று நிறைந்திருக்கும் தகவல் புத்தகம் மூன்றாவது. வெளியே கொண்டுபோய் "இது எந்தப் பறவை" என்று ஒப்பிட்டுப் பார்க்கும் கள வழிகாட்டி நாலாவது.

புதிதாக வாங்குகிறவர்கள் நேராகப் போய் விழுவது மூன்றாவது வகையில். பெரிதாக இருக்கிறது, நிறைய விஷயம் இருக்கிறது, பத்து வயது வரைக்கும் வருமே என்று தோன்றும். மூன்று வயதுக் குழந்தைக்கு அது சுவரொட்டி மாதிரிதான். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடும். அட்டையில் போட்டிருக்கும் வயதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து, தனித்தனியாகப் பார்க்க வேண்டிய விஷயங்கள் எத்தனை என்று எண்ணுவேன். மூன்று வயதுக்கு ஒன்றோ இரண்டோ போதும், ஆறு வயதுக்கு ஐந்தாறு தாங்கும். விஞ்ஞானமெல்லாம் இல்லை, என் கைக்கணக்கு.

கதை வகையில் ஒரு சங்கடம் உண்டு. எது கதை, எது நிஜம் என்ற கோடு குழந்தைக்குத் தெரியாது. சூரியனுக்குக் கண்ணும் சிரிப்பும் வரைந்திருந்தால் பரவாயில்லை, அது விளையாட்டு என்று சீக்கிரமே பிடித்துக்கொள்ளும். ஆனால் தெரியாத ஒரு விலங்கு சட்டை போட்டுக்கொண்டு, மனிதரைப் போலக் கவலைப்பட்டுக்கொண்டே, நடுநடுவில் தன் உணவுப் பழக்கத்தையும் சொன்னால்? டொரண்டோ பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கனேயாவும் அவருடைய குழுவும் 2014-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைத்தான் பார்த்தது. விலங்கை மனிதரைப் போலப் பேசவைத்த புத்தகத்தைக் கேட்ட சின்னக் குழந்தைகள், நிஜ விலங்குக்கும் மனித குணங்களைக் கூடுதலாக ஏற்றிச் சொன்னார்கள். அதற்காகப் பேசும் முயலைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, கதைக்கு அது வேண்டும். விலங்கைப் பற்றித் தெரிந்துகொள்ள வாங்கும் புத்தகத்தில் மட்டும் விலங்கு விலங்காகவே இருக்கட்டும்.

வாங்கும் முன் நின்றபடியே ஒரு சோதனை

ஐந்து நிமிடம் போதும். உங்களுக்கு உறுதியாகத் தெரிந்த இரண்டு மூன்று விஷயங்களை எடுத்துக்கொண்டு, அவை படத்தில் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தெரிந்த இடத்திலேயே சறுக்கும் புத்தகத்தைத் தெரியாத இடத்தில் எப்படி நம்புவது?

எனக்கு எறும்பு. நடுத்துண்டிலிருந்து ஆறு கால் வருகிறதா என்று பார்ப்பேன். சிலந்தி இருந்தால் எட்டுக் கால், உடல் இரண்டே துண்டு; அதைப் பூச்சிகள் பக்கத்தில் பூச்சி என்றே போட்டிருந்தால் ஒரு மதிப்பெண் குறையும். திமிங்கிலத்தின் வால் படுக்கைவசத்தில் விரிந்திருக்க வேண்டும், மீன் வால் மாதிரி செங்குத்தாக நின்றால் ஓவியர் மீனைப் பார்த்து வரைந்திருக்கிறார். பனிக்கரடியும் பென்குவினும் ஒரே பனிப்பாறையில் நின்று பேசிக்கொண்டிருந்தால் கதை என்று வைத்துக்கொள்ளலாம், தகவல் புத்தகத்தில் கூடாது: பனிக்கரடி வடக்குத் துருவப் பகுதி, பென்குவின்கள் ஏறக்குறைய எல்லாமே பூமியின் தெற்குப் பாதி.

வானவில்லில் சிவப்பு வெளிப்பக்கம், ஊதா உள்பக்கம். அதைவிட அடிக்கடி தவறுவது சூரியன். வானவில் தெரிய வேண்டுமென்றால் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். வில்லுக்குப் பக்கத்திலேயே சூரியனும் எட்டிப் பார்க்கிற படம் அழகுதான், அப்படி ஒரு காட்சியை மட்டும் யாரும் பார்க்க முடியாது. பிறை நிலாவின் இரண்டு கொம்புக்கு நடுவில் நட்சத்திரம் வரைவதும் இப்படித்தான். பிறையின் இருட்டுப் பகுதியிலும் நிலா இருக்கிறதே, அதைத் தாண்டி நட்சத்திரம் எப்படித் தெரியும்? மழைத்துளியைக் கண்ணீர்த் துளி வடிவில் கூர்முனையோடு வரைவார்கள். விழும்போது சின்னத் துளி உருண்டையாக இருக்கும், பெரிய துளி அடிப்பக்கம் தட்டையாகும். இதையெல்லாம் வைத்துப் புத்தகத்தை ஒதுக்கிவிட மாட்டேன். மூன்று நாலு சேர்ந்து வந்தால்தான் கீழே வைப்பேன்.

பட்டாம்பூச்சி இல்லாத இயற்கைப் புத்தகம் அபூர்வம், அதனால் அந்தப் பக்கத்தை எப்போதும் பார்க்கலாம். பட்டாம்பூச்சியின் கூட்டுப்புழு பொதுவாக நூல் சுற்றிய கூட்டுக்குள் இருக்காது, வழவழப்பான உறையோடு கிளையிலோ இலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும். நூலால் பொதி கட்டிக்கொள்வது அந்துப்பூச்சிகளில்தான் அதிகம். புழு எந்தச் செடியில் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டுகிற புத்தகம் கிடைத்தால் விடாதீர்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே மரியா சிபில்லா மெரியன் என்ற ஓவியர் முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி நாலையும் அவை தின்னும் செடியோடு ஒரே தாளில் வரைந்தார். புழுவைக் கையில் வளர்த்து, பார்த்துப் பார்த்து வரைந்தவர். வெள்ளைப் பின்னணியில் தனியாக மிதக்கிற பூச்சிப் படத்தைவிட இதில் குழந்தைக்குக் கேட்க எவ்வளவோ இருக்கும்.

இன்னொன்று, அளவு. ஒரே பக்கத்தில் தேனீயும் யானையும் உள்ளங்கை அளவில் இருந்தால் குழந்தை என்ன நினைக்கும்? நல்ல புத்தகத்தில் பக்கத்தில் ஒரு விரலோ கையோ ஆளோ வரைந்திருப்பார்கள், அல்லது எத்தனை மடங்கு பெரிதாக்கியது என்று போட்டிருப்பார்கள். இல்லையென்றால் அந்த வேலையை நீங்கள் செய்யலாம். நீலத் திமிங்கிலம் கிட்டத்தட்ட 30 மீட்டர் வரை வளரும். காலடியால் அளந்து தெருவில் நடந்து காட்டுங்கள், திரும்பிப் பார்த்தால் ஆரம்பித்த இடம் எங்கோ இருக்கும்.

புத்தகம் வெளிவந்த ஆண்டையும் பாருங்கள். 2006-க்கு முந்தியது என்றால் புளூட்டோ ஒன்பதாவது கிரகமாகவே இருக்கும். இறகுள்ள டைனோசரின் புதைபடிவம் சீனாவில் கிடைத்துப் பேச்சானது 1996-ல். அதற்கு முன் வரைந்த புத்தகங்களில் பெரும்பாலும் எல்லா டைனோசரும் பல்லி மாதிரிதான். பழசு என்பதற்காக வேண்டாம் என்றில்லை, பழசு என்று தெரிந்து வாங்கலாம்.

பருவங்கள்: அடிக்கடி சறுக்கும் பக்கம்

பருவம் பற்றிய புத்தகத்தில் எங்கோ ஒரு பக்கத்தில் நடுவில் சூரியன், சுற்றிலும் நாலு பூமி இருக்கும். பாதையை நீண்ட முட்டை வடிவில் போட்டிருப்பார்கள். சாய்வாகப் பார்க்கிற கோணத்தில் வட்டம் அப்படித்தான் தெரியும் என்பது பெரியவர்களுக்குத் தெரியும். குழந்தை (சில பெரியவர்களும்தான்) அதைப் பார்த்து எடுக்கிற முடிவு: பக்கத்தில் வந்தால் வெயில், தள்ளிப் போனால் குளிர்.

உண்மை நேர்மாறு போலிருக்கும். பூமி சூரியனுக்கு மிக நெருங்குவது ஜனவரி தொடக்கத்தில், சுமார் 14.7 கோடி கிலோமீட்டரில். மிக விலகுவது ஜூலை தொடக்கத்தில், சுமார் 15.2 கோடியில். அதாவது வடபாதியில் குளிர்காலமாக இருக்கும்போதுதான் நாம் கிட்டே இருக்கிறோம். பருவம் வருவது பூமியின் அச்சு ஏறத்தாழ 23.5 பாகை சாய்ந்திருப்பதால். புத்தகம் இந்தச் சாய்வைக் காட்டுகிறதா, அதிலும் நாலு பூமியிலும் அச்சு ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சில படங்களில் பூமி எங்கே போனாலும் சூரியனைப் பார்த்தே தலையைச் சாய்த்திருக்கும், அது பாதி சரி, பாதி விபரீதம்.

இதை வீட்டில் செய்து காட்டாமல் பக்கத்தைத் திருப்பவே வேண்டாம் என்பேன். ஒரு பந்து, அதில் குத்தின ஒரு பென்சில், அறை நடுவில் நிழல்மூடி இல்லாத ஒரு விளக்கு. பென்சிலைக் கொஞ்சம் சாய்த்து, அதன் முனை ஒரு சுவரையே பார்த்தபடி வைத்துக்கொண்டு விளக்கைச் சுற்றி நடக்க வேண்டும். இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு, நானும் செய்தேன்: நடக்கும்போது உடம்பு திரும்புகிறதே, அதோடு சேர்த்துப் பென்சிலும் திரும்பிவிடும். சுவரில் ஒரு காகிதம் ஒட்டி "பென்சில் அங்கேதான் பார்க்கணும்" என்று குழந்தையையே காவல் வைத்தால் சரியாக வரும். ஒரு பக்கம் நிற்கும்போது பந்தின் மேல்பாதிக்கு வெளிச்சம் கூடுதல், எதிர்ப்பக்கம் போனால் கீழ்பாதிக்கு. ஒரு பாதியில் கோடை என்றால் மறுபாதியில் குளிர்காலம் என்பது அப்போது சொல்லாமலே விளங்கிவிடும். அப்புறம் டார்ச்சை ஒரு தாளின் மேல் நேராக அடியுங்கள், பிறகு சாய்த்து அடியுங்கள். அதே வெளிச்சம்தான், சாய்ந்தால் பரந்து மங்கிவிடுகிறது. குளிர்கால வெயிலில் ஏன் உறைப்பு இல்லை என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியாது.

இன்னொரு சிக்கல், நாலு பருவம். இளவேனில், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்று நாலு பக்கம் போட்டு, மூன்றாம் பக்கத்தில் சிவந்த இலை, நாலாம் பக்கத்தில் பனிமனிதன். பூமியின் நடுப்பட்டையில் வாழும் குழந்தை பனிமனிதனை எங்கே போய்ப் பார்க்கும்? அங்கே ஆண்டு பெரும்பாலும் மழையாலும் மழையின்மையாலும்தான் பிரிகிறது. பழைய எகிப்தியர் நைலின் வெள்ளத்தை வைத்து ஆண்டை மூன்றாகப் பிரித்தார்கள். பழந்தமிழ் மரபு கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு சொல்கிறது. நாலு என்பது சில நாடுகளுக்குப் பொருந்தும் ஒரு வழக்கம், இயற்கை விதி இல்லை என்று குழந்தையிடம் சொல்லலாம். அதைப் புத்தகமே சொல்லிவிட்டால் அது நல்ல புத்தகம்.

இலை நிறம் மாறும் பக்கத்தில் "குளிர் வந்து இலைக்குச் சாயம் பூசியது" என்ற மாதிரி எழுதியிருந்தால் ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். பச்சையம் சிதைந்து போகும்போது ஏற்கெனவே உள்ளே இருந்த மஞ்சள் வெளியே தெரிகிறது. சிவப்பு மட்டும் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் இலை புதிதாக உண்டாக்குவது.

உடல் புத்தகம்

இங்கேதான் கொஞ்சம் நிதானமாக நிற்க வேண்டும். எறும்பைப் பற்றித் தப்பாகத் தெரிந்தால் எறும்புக்கு நஷ்டம் இல்லை. தன் உடம்பைப் பற்றித் தப்பாகத் தெரிந்தால் குழந்தைக்கு வலி எங்கே என்று சொல்லக்கூடத் தெரியாது.

தமிழில் நமக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. வீட்டுப் பேச்சில் "வயிறு" என்றால் விலாவுக்குக் கீழே எல்லாமே வயிறு. புத்தகத்தில் "இரைப்பை" என்று ஒரு பை தனியாக, மேலே இடப்பக்கம், விலா எலும்பின் ஓரத்தில் இருக்கும். "வயித்துல வலி" என்று குழந்தை தொப்புளைத் தொட்டுக் காட்டினால் அது இரைப்பை இல்லை, குடல் பக்கம். அதேபோல "நெஞ்சு" என்பது மார்பும்தான் இதயமும்தான், "கை" என்பது விரல்நுனியிலிருந்து தோள் வரைக்கும். புத்தகம் எந்தச் சொல்லை எதற்குப் போடுகிறது என்று முதல் வாசிப்பிலேயே சேர்ந்து பார்த்துவிடுங்கள்: இரைப்பை, சிறுகுடல், பெருங்குடல், மூச்சுக்குழல், உணவுக்குழல். குழந்தைகளுக்கு இந்தச் சொற்கள் கஷ்டமே இல்லை, டைனோசர் பெயரையே சொல்லிவிடுகிறார்கள்.

இடது வலது பெரிய குழப்பம். படத்திலிருக்கும் ஆள் நம்மைப் பார்த்து நிற்கிறார், அவருடைய இடப்பக்கம் நமக்கு வலப்பக்கம். பார்த்தபடியே குழந்தை தன் வலது மார்பில் கை வைத்து இதயம் என்று சொல்லும். புத்தகத்தைத் திருப்பி, படம் வெளியே பார்க்கும்படி குழந்தையின் மார்போடு சேர்த்துப் பிடியுங்கள். இப்போது படத்தின் இடமும் குழந்தையின் இடமும் ஒன்று. கண்ணாடி முன் நின்று செய்தால் தன் வயிற்றுக்கு உள்ளே பார்க்கிற மாதிரியே இருக்கும். கல்லீரல் வலப்பக்கம், இரைப்பை இடப்பக்கம், இதயம் ஏறக்குறைய நடுவில் கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து. இதயத்தை இடது ஓரத்தில் தள்ளி வரைந்திருந்தால் திருத்திச் சொல்லுங்கள். அளவு அவரவர் மூடிய கை அளவு, குழந்தைக்குக் குழந்தையின் கை.

ரத்தக் குழாய் படத்தில் சிவப்பும் நீலமும் இருக்கும். என் அக்கா மகள் முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்து, அழுகைக்கு நடுவிலேயே "நீல ரத்தம் ஏன் வரல?" என்று கேட்டாள். நீலம் ஒரு அடையாள நிறம் என்று புத்தகம் எங்கேயும் சொல்லவில்லை. நம் உடம்பில் நீல ரத்தம் கிடையாது. ஆக்சிஜன் குறைந்த ரத்தமும் சிவப்புதான், அடர்சிவப்பு. "தமனி சிவப்பு, சிரை நீலம்" என்று மனப்பாடம் செய்ய வைக்கும் புத்தகத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது: இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகிற தமனி அதே படத்தில் நீலமாக இருக்கும். நீலம் என்றால் ஆக்சிஜன் குறைவு என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால் எங்கேயும் இடறாது.

நாக்கில் நுனி இனிப்பு, பக்கம் புளிப்பு, பின்னால் கசப்பு என்று வரைபடம் போட்ட புத்தகங்கள் இன்னும் இருக்கின்றன. 1901-ல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வைப் பின்னால் வந்தவர்கள் தவறாக எடுத்துக்கொண்டதில் பிறந்தது அது. நாக்கின் ஓரத்தில் நாலு சர்க்கரை மணியை வைத்துப் பார்த்தால் தீர்ந்தது. புலன் ஐந்து என்பதும் முழுக்கணக்கு இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலால் மூக்கைத் தொடச் சொல்லுங்கள். கை எங்கே இருக்கிறது என்று உடம்புக்குத் தெரிகிறதே, அது எந்தப் புலன்? நன்றாகப் பொழுது போகும்.

எண்களையும் சும்மா விடக்கூடாது. "உன் உடலில் 206 எலும்புகள்", "உனக்கு 32 பற்கள்" என்று குழந்தையைப் பார்த்தே எழுதியிருப்பார்கள். அவை பெரியவர்களின் கணக்கு. பிறக்கும்போது எலும்புகள் ஏறத்தாழ 300, வளர வளரச் சில ஒன்றோடொன்று சேர்ந்து 206 ஆகின்றன. பால்பற்கள் 20 மட்டும். கண்ணாடி முன் வாயைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். புத்தகத்தில் 32, வாயில் 20 அல்லது விழுந்தது போக 18, அந்தக் கணக்கு இடிப்பதில்தான் கேள்வி பிறக்கும். சிறுகுடலின் நீளம் பெரியவர்களுக்கு 6 மீட்டர் அளவு. அந்த நீளத்துக்குக் கயிறு வெட்டி, அதைச் சுருட்டி வயிற்றின் மேல் அடக்கிப் பார்க்கட்டும்.

சில விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மறைவுறுப்புகளை வெற்றாக விட்டுவிட்ட உடல் புத்தகத்தைத் தவிர்க்கப் பார்ப்பேன். மூக்குக்குப் பெயர் இருப்பது போல அதற்கும் பெயர் இருக்கிறது, குழந்தைக்கு அது தெரிந்திருப்பது பாதுகாப்பும்கூட. படங்களில் எல்லாம் ஒரே நிறத் தோல், ஒரே பையன் என்று இருக்கிறதா, கண்ணாடி போட்டவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் யாராவது தென்படுகிறார்களா என்று பாருங்கள். கிருமியை எல்லாம் பல்லிளிக்கும் அரக்கனாக வரைந்திருந்தால் ராத்திரி தூங்கப் பயப்படுகிற குழந்தைகள் உண்டு, நம் குடலில் நமக்கு உதவி செய்தபடி ஏராளமான நுண்ணுயிர்கள் வாழ்கின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எலும்புக்கூட்டுப் பக்கத்துக்குப் பயந்தால் அந்தப் பக்கத்தை ஒரு கிளிப் போட்டு மூடிவைத்து, குழந்தையே கேட்கும்போது திறக்கலாம்.

அம்புக்குறியும் வெட்டுப்படமும்

பெரியவர்களுக்குச் சர்வ சாதாரணமாக இருக்கும் இரண்டு விஷயம் குழந்தைக்குப் புதிர். ஒன்று அம்பு. ஒரே பக்கத்தில் ஓர் அம்பு "இது இப்படி நகர்கிறது" என்கிறது, இன்னொன்று "இது அதுவாக மாறுகிறது" என்கிறது, மூன்றாவது சும்மா பெயரைச் சுட்டுகிறது. வாசிக்கும்போது விரலை அம்பின் மேல் ஓட்டி "போகுது", "மாறுது", "பேரு" என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாழ்க்கைச் சுழற்சிப் படத்தில் பட்டாம்பூச்சியிலிருந்து முட்டைக்கு ஓர் அம்பு வந்து வட்டத்தை மூடும். அதே பட்டாம்பூச்சி திரும்ப முட்டையாகிவிடுகிறது என்று புரிந்துகொண்ட குழந்தையை நான் பார்த்திருக்கிறேன், படத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருக்கிறது. அது முட்டையிடுகிறது, முட்டைக்குள் இருப்பது வேறொன்று என்று அந்த அம்பில் நின்று சொல்ல வேண்டும்.

இரண்டாவது, குறுக்குவெட்டு. மரம் ஏன் பாதி வெட்டப்பட்டிருக்கிறது, அந்த ஆளுக்குத் தோல் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். இரண்டு நிறக் களிமண்ணை ஒன்றுக்குள் ஒன்று வைத்து உருட்டி, நூலால் குறுக்கே அறுத்துக் காட்டுங்கள். ஒரு தடவை போதும்.

உட்கார்ந்து வாசிக்கும்போது

முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை வாசித்தே ஆக வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. தகவல் புத்தகத்தை எங்கே வேண்டுமானாலும் திறக்கலாம், பக்கத்தைக் குழந்தை புரட்டட்டும். முதலில் எழுத்தை வாசிக்காமல் "இங்க என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். சும்மா இருப்பதுதான் கஷ்டம். இரண்டு விநாடியில் நமக்கே வாய் துறுதுறுக்கும், பதிலைச் சொல்லிவிடுவோம். குழந்தை என்ன பார்க்கிறது என்று கேட்டுக்கொண்ட பிறகு எழுத்துக்கு வாருங்கள். "இது என்ன நிறம், இது என்ன பேரு" என்று அடுக்கிக்கொண்டே போனால் அது தேர்வு, வாசிப்பு இல்லை.

மடிப்பைத் திறந்தால் உள்ளே படம் தெரிகிற புத்தகம், விரித்தால் எழுந்து நிற்கிற புத்தகம் பற்றிக் கேட்பீர்கள். விலாவைத் திறந்தால் நுரையீரல் தெரிகிறது என்றால் அந்த மடிப்புக்கு அர்த்தம் இருக்கிறது. சும்மா இழுத்தால் தவளை குதிக்கிறது என்றால் குழந்தை இழுப்பதைத்தான் கவனிக்கும், தவளையை இல்லை. இரண்டாம் நாளில் தவளை கையோடு வந்துவிடும். பளபளக்கும் தாள் விளக்கடியில் கூசும், மங்கலான தாளே வாசிக்க வசதி.

ஒரு பக்கம் பிடித்துப்போனால் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போங்கள். எறும்புப் பக்கம் என்றால் எறும்பு, நாடிப் பக்கம் என்றால் மணிக்கட்டு: உட்கார்ந்தபடி 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி எழுதி வையுங்கள், இருபது தடவை குதித்துவிட்டு மறுபடி எண்ணுங்கள். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதே பக்கத்தைத் திறந்தால் குழந்தை படத்தைப் பார்க்கும் விதமே மாறியிருக்கும்.

புத்தகம் தப்பாக இருந்தால்

பெரிய தப்பு என்றால் திருப்பிக் கொடுக்கலாம். சின்னத் தப்பு என்றால், உங்கள் சொந்தப் புத்தகமாக இருக்கும் பட்சத்தில், குழந்தையின் கையில் பென்சிலைக் கொடுங்கள். எங்கள் எறும்புக்கு அப்படித்தான் சிகிச்சை நடந்தது. தலையிலும் வயிற்றிலும் இருந்த கால்களை அழிக்க முடியாமல் பெருக்கல் குறி போட்டுவிட்டு, நடுத்துண்டில் நாலு காலைப் பச்சை நிறத்தில் முளைக்க வைத்தாள். எறும்பு இப்போது கொஞ்சம் பயங்கரமாகத்தான் இருக்கிறது. நூலகப் புத்தகம் என்றால் ஒரு துண்டுத் தாளில் எழுதிச் செருகலாம். அச்சிட்டதெல்லாம் சரி என்று நம்பிக்கொண்டிருந்தவள் அதற்குப் பிறகு ஒவ்வொரு புத்தகத்திலும் காலை எண்ண ஆரம்பித்துவிட்டாள், கொஞ்ச நாள் தொல்லையாகவே இருந்தது.

அடுத்த புத்தகத்தை நீங்களே செய்வது

பருவத்துக்கு மட்டும் ஒரு நோட்டுப் போடுங்கள். கோடு போடாத தாள் நல்லது. ஜன்னலிலிருந்தோ வழியிலோ தினமும் கண்ணில் படும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஒரே மரம். மாதம் ஒரு பக்கம்: தேதி, மரத்தின் படம், கீழே விழுந்து கிடந்த ஓர் இலை, அன்றைக்கு மரத்தில் இருந்த ஏதாவது ஓர் உயிர். கூடவே நிழல் அளவு. ஒரு குச்சியை நேராக நட்டு, ஒவ்வொரு மாதமும் அதே நேரத்தில் அதன் நிழலை அளந்து எழுதுங்கள், நண்பகல் என்றால் நல்லது. நிழல் நீண்டு குறுகுவதைப் பார்த்தாலே பென்சில் குத்தின பந்து நினைவுக்கு வரும். கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடையில் வசிப்பவர்களுக்கு ஒரு வேடிக்கை கூடுதல்: ஆண்டில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, குச்சியின் நிழலே காணாமல் போகும். அந்தத் தேதிகள் இடத்துக்கு இடம் மாறும், முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்கு இன்னொரு பக்கம்: ஒரு பெரிய தாளில் குழந்தையைப் படுக்க வைத்து ஓரம் வரைந்து, படித்த உறுப்புகளை ஒவ்வொன்றாக வெட்டி ஒட்டுவது. வாரத்துக்கு ஒன்று போதும், ஒரே நாளில் எல்லாவற்றையும் ஒட்டினால் மறுநாளே ஆர்வம் போய்விடும்.

மரம் வரைவதில் மூன்றாவது மாதம் சலிப்பு வரும், அநேகமாக எல்லோருக்கும் வருகிறது. கட்டாயப்படுத்த வேண்டாம். விட்டுப்போன மாதத்துக்கு ஒரு வெற்றுப் பக்கம் விட்டு, மேலே தேதியை மட்டும் எழுதி வையுங்கள். எங்கள் நோட்டில் அப்படி இரண்டு பக்கம் இருக்கிறது, ஒன்றில் அவள் பின்னால் சேர்த்து எழுதியது: "மழை. போகல."